ஸ்டாட்கூலூமுக்கு 'நிலைக்கூலூம்' சரிவருமா?

நண்பர்களே, மின்னூட்டத்த அளக்குற ஸ்டாட்கூலூம் (statcoulomb)ங்கிற அலகுக்கு அகராதியில என்ன தமிழ்ப்பேர் வைக்கலாம்ங்கிற பேச்சுல, 'நிலைக்கூலூம்'னே வச்சிடலாம்னு ஐயா ஒருத்தர் சொன்னது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு மனசு ஒப்பல. மைக்ரோகூலூம், நானோகூலூம்னு போற வரிசையில இதுவும் வந்து நின்னா, கூலூம்ல இதுவும் ஒரு பங்குன்னுதான் படிக்கிற பிள்ளைங்க நினைப்பாங்க, இல்லன்னா அசையாத மின்னூட்டத்துக்குத் தனியா ஒரு கூலூம் இருக்குன்னு நினைப்பாங்க. ரெண்டுமே தப்பு. தேய்ச்சு வந்தாலும் கம்பியில ஓடினாலும் மின்னூட்டம் ஒண்ணுதான்.

கூலூம்ங்கிறது 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 விநாடி ஓடினா கடந்துபோற மின்னூட்டம். ஸ்டாட்கூலூம் வர்ற வழியே வேற, அங்க ஆம்பியர்ங்கிற பேச்சே கிடையாது. வெற்றிடத்துல ரெண்டு சம மின்னூட்டங்கள 1 செ.மீ. இடைவெளியில வச்சு, அதுங்க 1 டைன் (சென்டிமீட்டர்-கிராம்-விநாடி முறையில விசையோட அலகு) விசையோட ஒண்ணையொண்ணு தள்ளினா ஒவ்வொண்ணும் 1 ஸ்டாட்கூலூம், அதாவது நீளம், நிறை, நேரம் இந்த மூணுலேர்ந்தே பிறந்துடுது. பரிமாணமே (எந்தெந்த அடிப்படை அளவுகளால ஆனதுங்கிறது) மாறிப்போறதால 1 கூலூம் சுமார் 300 கோடி ஸ்டாட்கூலூமுக்கு 'ஈடு'ன்னு எழுதலாமே தவிர, நடுவுல சமக்குறி போடுறது சரியில்ல.

அசையாத மின்னூட்டத்தப் பத்திப் படிக்கிற நிலைமின்னியலுக்கு கூலூம் ரொம்பப் பெருசுங்கிறதும் உண்மை. ஒவ்வொரு கூலூமா ரெண்ட 1 மீட்டர் தள்ளி வச்சா விசை சுமார் 900 கோடி நியூட்டன்! கதவுப்பிடியத் தொட்டதும் சுரீர்னு அடிக்குதே, அதுக்கு உடம்போட மின்தேக்குத்திறன் 100 பிக்கோஃபாரட், மின்னழுத்தம் 5000 வோல்ட்னு வச்சாக்கூட வெறும் அரை மைக்ரோகூலூம்தான் வருது, அதுவே ஸ்டாட்கூலூம்ல சுமார் 1500. சின்ன அலகு ஏன் தேவைப்பட்டுச்சுன்னு இதுலயே புரியும்.

என் யோசனை, 'மின்னூட்டத்தின் நிலைமின் அலகு'. 'நிலைமின்'ங்கிறது ஸ்டாட்கூலூம் எந்த அலகுமுறையச் சேர்ந்ததுன்னு காட்டுது, மின்னூட்டத்துல வகை பிரிக்கல. மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் அதே முறையில அலகு இருக்கறதால முதல் தடவை முழுசா எழுதிட்டு அப்புறம் நிலைமின் அலகுன்னு சுருக்கிக்கலாம். மின்காந்த அலகுமுறையில மின்னூட்டத்துக்கு இருக்கற, 10 கூலூமுக்கு ஈடான அப்கூலூமுக்கும் (abcoulomb) இதே அச்சுல 'மின்காந்த அலகு'ன்னு ஜோடி கிடைச்சிடுது, 'அப்'புக்குத் தனியா முன்னொட்டு தேட வேண்டாம். மின்னூட்டத்த மின்னேற்றம்னு எழுதுறவங்க அந்த ஒரு சொல்ல மட்டும் மாத்திக்கிட்டாப் போதும்.

நீளமா இருக்குன்னு தோணினா, இதே அலகுக்கு பிராங்க்ளின்னு இன்னொரு பேரும் புழக்கத்துல இருக்கு, கூலூம் மாதிரி அதுவும் ஆள் பேருதான், அப்படியே எடுத்துக்கலாம். எதுவானாலும் 'நிலைக்கூலூம்' மட்டும் அகராதியில ஏற வேண்டாம்ங்க.