சோக்கை எடுத்தா நின்னுடுது

*ரவி:* ஸ்னோ ப்ளோவர் (பனியை அள்ளி வீசுற மெஷின்) ஸ்டார்ட் ஆகுது, ஆனா சோக்கை (காத்தைக் குறைக்கிற மூடி) எடுத்ததும் ரெண்டு செகண்ட்ல நின்னுடுது. பிளக் புதுசு. போன சீசன் பெட்ரோல்தான் டேங்க்ல இருக்கு. எங்க பார்க்கணும்?

*சேகர் மாமா:* பதிலை நீயே எழுதிட்ட மாப்ள. போன சீசன் பெட்ரோல் 😀

*பாலு சித்தப்பா:* டேங்க் மூடியைக் கொஞ்சம் லூஸ் பண்ணி ஓட்டிப் பாருப்பா. மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருந்தாலும் நிக்கும்.

*மீனா அக்கா:* அது அடைச்சிருந்தா கொஞ்ச நேரம் நல்லா ஓடிட்டுதான் நிக்கும் சித்தப்பா. இது உடனே நிக்குது. சோக் மூடியிருக்கும்போது இஞ்சின் பலமா உறிஞ்சுது, கார்ப்பரேட்டர்ல பாதி அடைச்ச ஜெட் (பெட்ரோல் வர்ற பொடி ஓட்டை உள்ள பாகம்) வழியாவும் பெட்ரோல் வந்துடுது. திறந்தா உறிஞ்சல் குறையும், காத்து கூடும், பெட்ரோல் பத்தாது. மெயின் ஜெட்தான்.

*பாலு சித்தப்பா:* ஆமா, சரிதான்.

*ரவி:* புது கார்ப்பரேட்டர் ஆர்டர் போடட்டுமா?

*சேகர் மாமா:* வேண்டாம்டா. அதுக்குள்ள இருக்கிறது பழைய பெட்ரோல் காஞ்ச பசை, அவ்வளவுதான். கழுவினா போயிடும்.
இஞ்சின் நல்லா ஆறட்டும். வெளியில வச்சு செய், பக்கத்துல ஹீட்டர் எதுவும் கூடாது. பிளக் வயரை உருவி ஓரமா வை. பெட்ரோல் வால்வை மூடு. கார்ப்பரேட்டருக்கு அடியில கிண்ணம் மாதிரி தொங்குதே, அதான் ஃப்ளோட் பவுல். கீழ ஒரு டப்பா வச்சுட்டு அதோட போல்ட்டைக் கழட்டு, பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பானர் சேரும். கேஸ்கெட் (ஒழுகாம தடுக்கிற வளையம்) கிழியாம பவுலை இறக்கு.

*சேகர் மாமா:* சில மாடல்ல அந்த போல்ட்டே ஜெட். போல்ட் பக்கவாட்டுல பொடி ஓட்டை தெரியும். மத்ததுல நடுத்தூணுக்குள்ள பித்தளை ஜெட் இருக்கும், ஸ்லாட்டுக்கு சரியா பொருந்துற தட்டை ஸ்க்ரூடிரைவர் வச்சுத் திருப்பு. சின்னதைப் போட்டா பித்தளை வாய் சிதைஞ்சிடும்.

*ரவி:* கழட்டிட்டேன். வெளிச்சத்துல பிடிச்சா ஓட்டையே தெரியல. பவுல் அடியில பச்சையா ஏதோ படிஞ்சிருக்கு.

*மீனா அக்கா:* தண்ணி நின்னு அரிச்சிருக்கு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நாளாச்சுன்னா தண்ணி பிரிஞ்சு அடியில இறங்கிடும். பவுலைத் துடைச்சு எடு.
ஜெட்டுக்கு கார்ப் கிளீனர் அடி, கண்ணாடி போட்டுக்கோ, எதிர்ல பீச்சி அடிக்கும். அப்புறம் எலக்ட்ரிக் வயருக்குள்ள இருக்கிற செம்பு இழை ஒண்ணை விட்டுக் குடை. ட்ரில் பிட், குண்டூசி வேண்டாம். ஓட்டை துளி பெருசானாலும் பெட்ரோல் அளவு மாறிப் போயிடும்.

*சேகர் மாமா:* மாட்டுறதுக்கு முன்னாடி டேங்கையும் காலி பண்ணு. பழசை வச்சுக்கிட்டு ஜெட்டை மட்டும் கழுவினா ரெண்டே நாள்ல திரும்ப இதே மெசேஜ் போடுவ. சாக்கடையில ஊத்தாத, ஆபத்தான கழிவு வாங்குற இடத்துல கொடு.

*மீனா அக்கா:* ஆயில் டிப்ஸ்டிக்கையும் மோந்து பாரு. பெட்ரோல் வாசம் அடிச்சு அளவும் ஏறியிருந்தா, ஃப்ளோட் ஊசி (பவுலுக்கு வர்ற பெட்ரோலை நிறுத்துறது) சரியா மூடாம பெட்ரோல் இஞ்சினுக்குள்ள இறங்குதுன்னு அர்த்தம். அப்போ ஊசியைச் சரி பண்ணி ஆயிலை மாத்தாம ஓட்டவே கூடாது.

*ரவி:* வாசம் இல்ல. அளவு சரியா இருக்கு.

*ரவி:* மாட்டிட்டேன். சோக் இல்லாமலே ஓடுது 👍 ஆனா சத்தம் ஏறி ஏறி இறங்குது.

*மீனா அக்கா:* இன்னும் பெட்ரோல் பத்தல. கவர்னர் (இஞ்சின் வேகத்தைச் சீரா வைக்கிற அமைப்பு) ஈடு கட்டப் பார்க்குது, அதான் ஏற்ற இறக்கம். பைலட் ஜெட் (மெதுவா ஓடும்போது பெட்ரோல் கொடுக்கிறது) ஓட்டை மெயினை விடப் பொடிசு, அதையும் குடை. ஜெட்டுக்கு மேல நீளக் குழாய் ஒண்ணு இருக்கும், அதோட பக்க ஓட்டைகளையும் விடாத. கவர்னர் ஸ்ப்ரிங்கைத் தொடாத, அதுல கோளாறு இல்ல.

*பாலு சித்தப்பா:* அந்தக் கையோட ஆகர் (முன்னால பனியை அள்ளுற சுருள் பிளேடு) ரெண்டும் சுத்துதான்னு பாரு. ஒரு பக்கம் மட்டும் நின்னா அதை ஷாஃப்ட்டோட பிணைக்கிற ஷியர் பின் உடைஞ்சிருக்கும்.

*ரவி:* பின் இல்லாட்டி அதே சைஸ் போல்ட் போடலாமா?

*சேகர் மாமா:* கூடவே கூடாது!! அந்தப் பின் உடையறதுக்குன்னே மெத்துன்னு செஞ்சது. கல்லு மாட்டினா அது உடைஞ்சு கியர்பாக்ஸைக் காப்பாத்தும். கெட்டி போல்ட் போட்டா உள்ள இருக்கிற வார்ம் கியர் பல்லு போயிடும். உன் மாடலுக்கான பின் நாலு வாங்கி கைப்பிடியிலயே டேப் போட்டு ஒட்டி வை.

*பாலு சித்தப்பா:* சீசன் முடிஞ்சதும் அந்தப் பின்னைக் கழட்டி, ஷாஃப்ட்ல கிரீஸ் ஏத்தி ஆகரைக் கையால சுத்தி விடணும். இல்லாட்டி துரு பிடிச்சு ஷாஃப்ட்டோட ஒட்டிக்கும். அப்புறம் பின் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

*ரவி:* சரி சித்தப்பா. ஈரப் பனி, வெளிய வீசுற குழாய்ல (சூட்) அடிக்கடி அடைக்குது, அதுக்கு?

*மீனா அக்கா:* உள்பக்கம் சிலிகான் ஸ்ப்ரே அடி. இஞ்சினை முழு வேகத்துல வச்சு, கியரை மட்டும் குறைச்சு மெதுவா தள்ளு. அடைச்சா இஞ்சினை நிறுத்து, சாவியை எடு, எல்லாம் நிக்கட்டும், அப்புறம் கூட வந்த பிளாஸ்டிக் குச்சியால குத்து. கை மட்டும் போகவே கூடாது. நின்ன இஞ்சின்லயும் பெல்ட்ல இழுவிசை தங்கியிருக்கும், பனி விலகுன நொடியில இம்பெல்லர் (பனியை வீசுற விசிறி) ஒரு வெட்டு வெட்டும்.

*ரவி:* பைலட் ஜெட்டும் குடைஞ்சாச்சு. ஒரே சீரா ஓடுது.

*சேகர் மாமா:* நல்லது. ஸ்டெபிலைசரை (பெட்ரோல் சீக்கிரம் கெடாம வைக்கிற மருந்து) பெட்ரோல் வாங்குன அன்னைக்கே கேன்ல கலந்துடு, பழசான பிறகு ஊத்தி புண்ணியமில்ல. கடைசிப் பனி முடிஞ்சதும் வால்வை மூடி, தானா நிக்கிற வரைக்கும் ஓட விடு. பவுல்ல மிச்சத்தையும் வடிச்சிடு.

*ரவி:* ஆயில் எது மாமா?

*சேகர் மாமா:* 5டபிள்யூ-30. அளவுக்கு மேல ஊத்தாத, புகை கக்கும்.