புதுப்பிப்பு: மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்), சாப்பிட்டபின் நடை

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ பயறோ என்று முன்பு எழுதியதற்கு, குமரிக்காரர்கள் அதிகம் கேட்டது: "அப்போ மரச்சீனியும் சாளைக்கறியும் (மத்திமீன் கறி)?"

சாப்பிடலாம். சோற்றுக்குப் பதிலாக மட்டும், சோற்றோடு சேர்த்து அல்ல. 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். பச்சை மரச்சீனியில் 38. அவித்தபின்னும் அது சோற்றுக்குக் குறையாது. கண்ணளவு ஏமாற்றும், ஒரு வாரமாவது தராசில் நிறுத்துப் பாருங்கள். சாளை சர்க்கரையை அவ்வளவாக ஏற்றாது. தேங்காய் அரைத்த குழம்போ எடையை ஏற்றும். சம்பா அரிசி சிவப்பு என்பதற்காக இரண்டாம் முறை போட்டுக்கொள்வது வீண் சமாதானம். நன்றாகப் பழுத்த பெரிய ஏத்தன்பழம் என்றால் பாதி போதும்.

சங்குத்துறைக் கடற்கரையில் காலை நடை நல்லதுதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்க, ராத்திரி சாப்பிட்டதும் முற்றத்தில் 15 நிமிடம் நடப்பது கூடுதலாக உதவும். வேலை செய்யும் தசை அப்போதே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். பாதம் மரத்தவர்கள் மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

எடை: 80 கிலோக்காரர் 4 கிலோ குறைத்தாலே பலன் தெரியும்.

கிளிமிபிரைடு (சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை) அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவைப் பேசாமல் சோற்றைச் சட்டென்று குறைத்தால் தாழ்சர்க்கரை வரலாம். வியர்வை, நடுக்கம், ரத்தச் சர்க்கரை அளவு 70 mg/dL-க்குக் கீழ் என்றால் 3 தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்கவும்.