புதுப் பாட்டுகளுக்கு அழத் தெரியாதா?

மழைக்காலப்பறவை (வெள்ளவத்தை):
அம்மா போய் ஒரு வருசம். போன ஞாயிறு வீட்டில நினைவு ஆராதனை வைச்சம். சேர்ச் பொடியள் கிற்றாரோட வந்து நல்ல மனசோட பாடினவை. அவையில பிழை சொல்ல மாட்டன். ஆனா பாடின அஞ்சு பாட்டிலும் ஜெயம், உயர்வு, எதிரி ஓடுறான், அடைச்ச கதவு திறக்குது. அம்மாவின்ர படத்துக்கு முன்னால நிண்டு, நான் ஆரை வெண்டனான் எண்டு யோசிச்சுக்கொண்டே கை தட்டினன்.

சனம் போனபிறகு ஜிம் ரீவ்ஸ் போட்டன். அம்மாவின்ர ஆள் அவர்தான். 1964இல விமானம் விழுந்து செத்த ஒரு டெக்சாஸ்காரன்ர குரல் கொழும்பில எத்தினை வீட்டில இன்னும் கேக்குது பாருங்கோ. காதல் பாட்டையும் தேவ பாட்டையும் ஒரே நிதானத்தில பாடுற மனுசன். அதுக்குப் பிறகு 'ஞான ஒளி'யில ரி.எம்.எஸ். பாடின 'தேவனே என்னைப் பாருங்கள்'. 1972 படம். எழுதினது கண்ணதாசன், இசை எம்.எஸ்.வி., நடிச்சது சிவாஜி. ஒருத்தரும் ஞானஸ்நானம் எடுத்த ஆக்கள் இல்லை. எனக்கு அழுகை வந்தது அப்பத்தான்.

சண்டைக்குத்தான் கேக்கிறன். சினிமாப் பாட்டு செய்ததை நற்செய்திப் பாட்டு ஏன் செய்யேல்லை? சங்கீதப் புத்தகத்தில கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு புலம்பல். எங்கட புதுப் பாட்டுகளில அது எங்க போட்டுது?

பழைய_பாமாலை:
தம்பி, தாயாரின் பிரிவுக்கு என் அனுதாபம். ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு மருந்தை மாற்றிக் குடித்திருக்கிறீர்கள். புலம்பல் வேண்டுமென்றால் பாமாலைப் புத்தகம் வீட்டில் இல்லையா? பெரிய வெள்ளியன்று 'இரத்தம் காயம் குத்தும்' பாடும்போது கடைசி வாங்கில் இருக்கிறவருக்கும் தொண்டை அடைக்கும். கீர்த்தனை வேண்டுமென்றால் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் இருக்கிறார். அந்தத் தமிழுக்கும் இராகத்துக்கும் முன்னால் சினிமாவா? சிவாஜி அழுதது கமெராவுக்கு.

புதுப் பாட்டும் வேண்டாம், படப் பாட்டும் வேண்டாம். காதல் மெட்டு ஒருமுறை கோயிலுக்குள் வந்துவிட்டால் பிறகு வெளியே அனுப்ப முடியாது. கொயரில் ஐம்பது வருடம் நின்றவன் சொல்கிறேன்.

ஸ்டைல்_பட்டன்:
அங்கிள், அது எப்பவோ உள்ளுக்கு வந்துட்டு. நான் சனி ராவு கலியாண ரிசெப்ஷன்ல கீபோர்ட், ஞாயிறு காலையில சபையில கீபோர்ட். 6/8 தாளத்துல ஒரு பைலா ஸ்டைல் சேவ் பண்ணி வெச்சிருக்கேன். சனிக்கிழமை அதுக்குத்தான் மாமாமார் டையைக் கழட்டிட்டு ஆடுவாங்க. ஞாயிறு அதே பட்டன், வேகத்தைக் கொஞ்சம் குறைச்சா துதிப் பாட்டு. அதே மாமாமார் கண்ணை மூடிக்கிட்டு கை தட்டுவாங்க.

ஒரு கலியாணத்துல மணமகள் உள்ள வரும்போது சினிமாப் பாட்டு வேணும்னு சொன்னா, பாஸ்டர் கூடவே கூடாதுன்னார். ஓர்கன் சத்தத்துல மெதுவா இழுத்து வாசிச்சேன். பிறகு பாஸ்டரே வந்து, நல்ல பழைய ஹிம் பிரதர்னு கையைக் குடுத்தார். சும்மா விடுங்க அங்கிள், புரொட்டஸ்டன்ட் சபையைத் தொடக்கின மார்ட்டின் லூதரே சாராயக் கடைப் பாட்டுக்கு வசனம் போட்டவர்தானே.

பழைய_பாமாலை:
லூதர் தலையில் எல்லோரும் கட்டுகிற பொய் இது. ஜெர்மன் பாட்டில் 'பார்' என்பது ஒரு வடிவம். ஒரே மெட்டு இரண்டு முறை வரும், பிறகு வேறொரு மெட்டு வந்து முடிக்கும். அந்தச் சொல்லை யாரோ சாராயக் கடை என்று விளங்கிக்கொண்டார்கள். அவர் தன் கிறிஸ்மஸ் பாட்டு ஒன்றுக்கு ஊர்ப் பாட்டின் மெட்டை எடுத்தது உண்மை. 1539இல் அதை விட்டுவிட்டு வேறு மெட்டுக்கு மாறியதும் உண்மை. ஏன் மாறினார் என்று யோசியும்.

இரண்டாம்_வரிசை_ஆல்டோ (கொட்டாஞ்சேனை):
லூதர் விஷயம் அங்கிள் சொன்னதுதான் சரி. ஆனா உங்க பெரிய வெள்ளிப் பாட்டு? அந்த மெட்டு ஹான்ஸ் லேயோ ஹாஸ்லர் 1601ல வெளியிட்ட காதல் பாட்டு, அங்கிள். ஒரு பெண்ணால என் புத்தி கலங்கிப் போச்சுன்னு ஒருத்தன் பாடுறான். பால் கெர்ஹார்ட் சிலுவையைப் பத்தி ஜெர்மன்ல எழுதின வரி 1656. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், மத்தேயு பாடுகள் இசையில அதே மெட்டைத் திரும்பத் திரும்பக் கொண்டு வந்தார். உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது அந்தக் காதல்காரனோட மெட்டுலதான்.

பழைய_பாமாலை:
இது எனக்குத் தெரியாது. எழுந்து போய்ப் பியானோவில் வாசித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். காதல் பாட்டாக நினைத்தால் அப்படியும் கேட்கிறது, அதுதான் எரிச்சல்.

ஆனாலும் என் வாதம் விழவில்லை. நானூறு வருடம் ஓடி அழுக்குப் போன மெட்டு அது. அதைக் கேட்டு யாருக்கும் ஹாஸ்லரின் காதலி நினைவுக்கு வருவதில்லை. போன வருடப் படப் பாட்டைக் கேட்டால் கதாநாயகியின் இடுப்புத்தான் வரும்.

இரண்டாம்_வரிசை_ஆல்டோ:
நானூறு இல்ல. 1613லயே அந்த மெட்டுக்கு ஒரு மரண நேரப் பாட்டைப் போட்டுட்டாங்க. பன்னிரண்டு வருஷந்தான். காதலி உயிரோடகூட இருந்திருப்பா. இடுப்பு ஞாபகம் வர்றது கேக்கிறவங்க பாடு.

மட்டக்குளி_அக்கா:
எல்லாரும் 1600க்குப் போயிட்டீங்க, கொஞ்சம் மட்டக்குளிக்கும் வாங்க.

தம்பி, உங்க அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஜெயப் பாட்டுன்னா ஏன் இந்த இளக்காரம்? நான் ரெண்டு வீட்டுல சமைக்கிறேன். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் அழுகைக்குப் பஞ்சமில்ல. ஞாயித்துக்கிழமை எனக்கு ஜெயம்னு தொண்டை கிழியப் பாடுறேன்னா, ஏதோ நடந்து முடிஞ்சதுன்னு பெருமை அடிக்கல. நடக்கணும்னு கேக்குறேன். 2022ல சமையல் கேஸ் வரிசையில கால் வீங்க நின்னப்பவும் வாய்க்குள்ள அதுதான் ஓடிச்சு. அந்த வரிசையில உங்க ஜிம் ரீவ்ஸ் எனக்கு என்ன செஞ்சிருப்பார்?

சினிமாப் பாட்டை நான் ஞானஸ்நானம் எடுத்தப்ப விட்டேன். பாட்டு கெட்டதுன்னு இல்ல. எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்தா அந்தப் பாட்டுகளைத்தான் சத்தமாப் போடுவார். இன்னைக்கும் பஸ்ஸுல அந்த முதல் மியூசிக் வந்தா கை நடுங்கும். மெட்டுக்குப் பாவம் கிடையாதுன்னு நீங்கல்லாம் புத்தகத்துல இருந்து சொல்லலாம். என் காதுக்கு ஞாபகம் இருக்கு.

அப்புறம், புதுப் பாட்டுல அழுகையே இல்லைங்கிறது பொய். பெர்க்மன்ஸ் ஐயாவோட ஜெபத்தோட்ட ஜெயகீதங்களைக் கேட்டுப் பாருங்க. எத்தனை பாட்டு சங்கீத வசனத்தையே எடுத்துப் பாடினது.

மழைக்காலப்பறவை:
அக்கா, 'ஆரை வெண்டனான்' எண்டு நக்கலாய் எழுதினதை இப்ப வாசிக்க வெக்கமாய்க் கிடக்கு. வரிசையில நிண்ட கதைக்கு என்னட்டப் பதில் இல்லை.

ஆனா ஒண்டு சொல்ல விடுங்கோ. 'கொஸ்பல்' எண்டு உலகம் சொல்லுற இசையின்ர தகப்பன் எண்டு தோமஸ் டோர்சியைச் சொல்லுவினம். 1920களில மா ரெய்னி எண்ட பாடகிக்கு புளூஸ் (அமெரிக்கக் கறுப்பினச் சனத்தின்ர இசை) பியானோ வாசிச்ச மனுசன். 'ஜோர்ஜியா டொம்' எண்ட பேரில 1928இல ரெட்டை அர்த்தப் பாட்டுப் போட்டு நல்லா உழைச்சவர். பிறகு தேவ பாட்டுக்கு வந்தார், புளூஸ் நாறுது எண்டு கன சபைகள் கதவைச் சாத்தினவை. பாமாலை அங்கிள் மாதிரி ஆக்கள்தான், கோவிக்காதேங்கோ. 1932இல வேற ஊரில பாடப் போன இடத்தில தந்தி வருது. பிரசவத்தில மனுசி செத்துப்போச்சு. பிள்ளையும் தப்பேல்லை.

அதுக்குப் பிறகு பியானோவில இருந்து ஒரு பழைய ஹிம் மெட்டை வளைச்சு எழுதினதுதான், கர்த்தாவே என்ர கையைப் பிடியும் எண்டு கேக்கிற அந்தப் பாட்டு. களைச்சுப் போனன், பலமில்லை, இருட்டாக்கிடக்கு எண்டுதான் அதில வருது. வெண்டதாய் ஒரு வரி இல்லை. 1968இல மார்ட்டின் லூதர் கிங்கின்ர சவ அடக்கத்தில கொஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் பாடினது அதைத்தான். மஹாலியா உங்கட கட்சி அக்கா, எவ்வளவு காசு காட்டியும் புளூஸ் பாட மாட்டன் எண்டு நிண்ட மனுசி. எல்விஸ் மற்றப் பக்கம். ரொக் அண்ட் ரோலின்ர ராசா, ஆனா போட்டியில எடுத்த மூண்டு கிரமி விருதும் தேவ பாட்டுக்கு.

நான் கேக்கிறது இவ்வளவுதான். அந்த இருட்டு எங்கட பாட்டில ஏன் ரெண்டாவது வரியிலயே விடியுது?

இரண்டாம்_வரிசை_ஆல்டோ:
2019 ஈஸ்டர் ஞாயிறு. குண்டு வெடிச்ச கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்க வீட்டுல இருந்து நடக்கிற தூரம். அதுக்குப் பிறகு கோயில்ல பூசை இல்லாம ரீவியில பூசை பார்த்தோம். உயிர்ப்புக் காலம், அல்லேலூயாதான் பாடணும். வீட்டுல ஒருத்தருக்கும் வாய் வரல. அம்மம்மா குசினியில காய் வெட்டிக்கிட்டு தவக்காலத்துப் பசாம் பாட்டை, இயேசுவோட பாடுகளைப் பத்தின புலம்பலை, முணுமுணுத்தா. காலம் பிழை, கொயர்ல யாராவது அப்படிப் பாடினா ஃபாதர் நிறுத்துவார். நாங்க யாரும் அவவை நிறுத்தல.

மட்டக்குளி அக்கா சொல்றதும் எனக்கு விளங்குது. ஆனா அந்த மாசம் யாராவது எங்க வாசல்ல வந்து ஜெயப் பாட்டு பாடியிருந்தா கதவைச் சாத்தியிருப்பேன்.

மட்டக்குளி_அக்கா:
நானும் சாத்தியிருப்பேன் மகள்.

ஆனா துக்க வீட்டுல அந்தப் பசங்க ஜெயப் பாட்டு பாடினது அவங்க தப்பில்ல. துக்கப் பாட்டை யாரு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தா? ஐம்பது வருஷம் கொயர்ல நின்ன ஐயாவைக் கேக்குறேன், உங்க சபையில அந்தப் பாமாலைப் புத்தகம் எங்க இருக்கு?

பழைய_பாமாலை:
அலமாரியில். சாவி என்னிடம். மட்டை கிழிகிறது என்று பூட்டினேன்.

ஸ்டைல்_பட்டன்:
அப்போ நாங்க எதைப் பார்த்துப் பழகுறது அங்கிள்!

அழுகைன்னதும் ஞாபகம் வந்துச்சு. ரிசெப்ஷன்ல தவறாம கேக்கிற பாட்டு 'ரிவர்ஸ் ஒஃப் பாபிலோன்'. போனி எம் 1978ல பாடி எல்லாருக்கும் தெரிஞ்சது, அதுக்கு முதல் 1970ல ஜமைக்காவுல மெலோடியன்ஸ் பாடினது. வசனம் சங்கீதம் 137. சிறை போன சனம் ஆத்தங்கரையில உக்காந்து அழுது, அந்நிய தேசத்துல எங்க பாட்டை எப்படிப் பாடுறதுன்னு கேக்குது. அதுக்குத்தான் இங்க கேக் வெட்டினதும் வட்டம் கட்டி ஆடுறாங்க. ஒருநாள் ஒரு ஐயா மட்டும் ஆடாம ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு வசனத்தை வாய்க்குள்ள சொல்லிட்டிருந்தார். 1995ல யாழ்ப்பாணத்துல இருந்து இடம்பெயர்ந்து வந்தவராம்.

மழைக்காலப்பறவை:
எங்கட குடும்பமும் அந்த வருசந்தான் வெளிக்கிட்டது. அதை ஒருக்கால் மெதுவாய் வாசிச்சுப் பாத்தனீங்களோ?

ஸ்டைல்_பட்டன்:
வாசிச்சேன். மாப்பிள்ளை ஓடி வந்து, என்ன மச்சான் கரண்ட் போயிட்டான்னு கேட்டார்.

பழைய_பாமாலை:
வியாழன் மாலை ஆறரைக்கு அலமாரியைத் திறக்கிறேன். தம்பி, உங்கள் வீட்டில் பாடிய அந்தப் பொடியன்களையும் அனுப்பும். கிற்றார் வந்தாலும் பரவாயில்லை. கீபோர்ட்காரரும் வரலாம், அந்தப் பட்டனைத் தொடக்கூடாது. படப் பாட்டு பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

மட்டக்குளி_அக்கா:
வியாழன் எனக்கு வேலை முடிய எட்டாகும். அந்த 'இரத்தம் காயம்' பாட்டை மட்டும் படம் எடுத்துப் போடுங்க ஐயா. எழுத்து பெருசாத் தெரியணும், நான் பஸ்ஸுல வெச்சு வாசிக்கணும்.