சுரபயா பெரியவரும் அந்த பிஸ்கட்டும்

2016ல எங்க கப்பல் இன்ஜின் வேலைக்காக இந்தோனேசியாவுல இருக்குற சுரபயா துறைமுகத்துல 11 நாள் நின்னுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை கூட வேலை பாக்குற அந்த ஊரு பையனோட துகு பஹ்லாவான்னு அவங்க சொல்ற வீரர்கள் நினைவுத்தூண பாக்க போனேன். நிழல்ல ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு, 80 வயசு இருக்கும், என்னைப் பாத்து "இந்தியா?"ன்னாரு. ஆமான்னு சிரிச்சேன். சினிமா பத்தி கேப்பாருன்னு நெனச்சா "1945ல சண்டைக்கு வந்ததும் உங்க ஆளுங்கதான்"னாரு. கோவமா சொல்லல, சும்மா சொன்னாரு. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு.

சத்தியமா எனக்கு அதுவரைக்கும் தெரியாதுங்க. ஜப்பான் சரண்டர் ஆனதும் ஆகஸ்ட் 17 அன்னைக்கு இந்தோனேசியத் தலைவர்கள் சுகர்ணோவும் ஹத்தாவும் சுதந்திரம்னு அறிவிச்சிட்டாங்க, ஆனா டச்சுக்காரன் பழையபடி வந்து ஆளப் பாத்தான். செப்டம்பர்ல இதே சுரபயாவுல யமாட்டோ ஹோட்டல் மேல டச்சுக் கொடி ஏத்துனப்ப பசங்க மேல ஏறி அதுல இருந்த நீலத்த கிழிச்சுட்டு இந்தோனேசியக் கொடியோட சிவப்பு வெள்ளைய மட்டும் பறக்கவிட்டிருக்காங்க. அக்டோபர் 25 பிரிட்டிஷ்காரன் எறக்குனது 49வது இந்தியன் பிரிகேட்ங்குற இந்தியச் சிப்பாய்ங்க படைய, அடிமைப்பட்ட நாட்டு ஆளையே இன்னொரு நாட்ட அடக்க அனுப்புனான், அத நெனச்சாலே வயிறு எரியுது. 30ந்தேதி அந்தப் படையோட தளபதி பிரிகேடியர் மல்லாபி செத்ததும் துப்பாக்கிய எல்லாம் ஒப்படைங்கன்னு கெடு வச்சான், யாரும் கேக்கல. நவம்பர் 10 காலைலருந்து கப்பல் பீரங்கி, பிளேன் குண்டு எல்லாம், ஊர முழுசா பிடிக்க மூணு வாரம் ஆச்சு. ஜப்பான்காரன்ட்ட இருந்து எடுத்த துப்பாக்கி கொஞ்சம் பேருக்குத்தான், மத்தவங்க கைல கூரா சீவுன மூங்கில்.

பெரியவரோட அப்பாவும் அப்படி மூங்கிலோட போனவர்தான், திரும்பி வரல. அம்மா இவர இழுத்துகிட்டு ராத்திரியோட ராத்திரியா தெக்க நடந்திருக்காங்க.

ஆனா அவரு அதிகமா பேசுனது வேற. சண்டை தொடங்குறதுக்கு முந்தி ரோட்ல நின்ன ஒரு இந்தியச் சிப்பாய் கூப்பிட்டு பிஸ்கட் குடுத்தாராம், இவரு பாதிய தின்னுட்டு மீதிய டவுசர் பைல வச்சிருந்தாராம், அப்பா போனப்புறமும் அத அம்மாட்ட சொல்லவே இல்லையாம். இந்தியச் சிப்பாய்ங்கள்ல சில பேரு துப்பாக்கியோட இந்தோனேசியா பக்கம் வந்து சேந்துட்டாங்கன்னும் சொன்னாரு.

கெளம்பும்போது என் கையப் பிடிச்சு ஒண்ணு கேட்டாரு. பையன் மொழிபெயர்த்து சொன்னான், "பிஸ்கட் குடுத்தவரு ஊரு போய் சேந்திருப்பாரா?"