திருவிருந்து ஞாயிறன்று என் தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

தாராவி மூத்தவன்:
அப்பாவின் கோலியை (ஒற்றை அறை வீட்டை) விற்றபோது தம்பியின் பங்கிலிருந்து அவனுடைய கல்யாணச் செலவைக் கழித்துக்கொண்டேன். அதன்பின் மூன்று ஆண்டுகள் பேச்சில்லை. சென்ற மாதம் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து ஆராதனையில் போதகர் மத்தேயு 5:23-24-ஐ வாசித்தார்: காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்பது. நம் எல்லாருக்கும் மனப்பாடமான வசனம்தான். ஆனால் அன்று காணிக்கை உறை கையில் இருந்தபடியால் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து சயான் நிலையத்துக்கு நடந்து, காட்கோபருக்கு ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்த தம்பியின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் வெள்ளைச் சட்டையையும் கையிலிருந்த வேதாகமத்தையும் பார்த்தவன், குழந்தை விழித்துவிடாதபடி தாழ்ந்த குரலில், "இன்றைக்கு முதல் ஞாயிறு அல்லவா, அண்ணே? அதற்காகத்தான் வந்தீர்களா?" என்றான். அதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலவே கேட்டான். மன்னித்துக்கொள் என்றேன், சரி என்றான், தேநீர் கொடுத்தான். திரும்பும்போது, பராமரிப்புக்காக ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் தொடங்கிவிட்டதால், நான் ஆலயத்தை அடைவதற்குள் ஆராதனை முடிந்திருந்தது. அவனுக்காகப் போனேனா, அப்பத்தையும் திராட்சரசத்தையும் உறுத்தலின்றி வாங்குவதற்காகப் போனேனா என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஆண்டாப்ஹில் மருமகள்:
நாங்கள் கத்தோலிக்கர். சர்க்கரை நோயால் அத்தையின் காலில் ஆறாத புண் இருந்தது. ஏழு மாதம் காலையும் மாலையும் நானே கழுவிக் கட்டுப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் காலை உள்ளே இழுத்துக்கொள்வார். இவ்வளவு செய்தும் நன்றியில்லையே என்ற எரிச்சலோடு நான் பிடித்து வெளியே இழுப்பேன். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் ஆணை பிறப்பித்த பிறகு, எங்கள் பங்கு ஆலயத்தில் ஓர் ஆண்டு பன்னிருவரில் ஒருத்தியாக என்னையும் அமர்த்தினார்கள். பங்குத்தந்தை மண்டியிட்டு, வெடிப்பு விழுந்த என் குதிகாலைக் கையில் ஏந்தித் தண்ணீர் ஊற்றியதும், என்னையறியாமல் காலை இழுத்துக்கொண்டேன். அத்தையின் கால் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இயேசு கழுவ வந்தபோது சீடர் பேதுருவும் முதலில் மறுத்தவர்தானே!

அன்றிரவு கட்டைப் பிரிப்பதற்கு முன், "கழுவட்டுமா அத்தை?" என்று கேட்டேன். அந்த ஏழு மாதத்தில் நான் கேட்டது அதுவே முதல்முறை. அவர் தாமாகவே காலை நீட்டினார். மூத்தவன் அண்ணா, உங்கள் தம்பியின் கேள்வியும் அத்தை காலை இழுத்துக்கொண்டதைப் போன்றதே என்று எனக்குத் தோன்றுகிறது.

முலுண்ட் பெரியவர்:
2020 ஏப்ரல் ஊரடங்கில் எனக்கும் மனைவிக்கும் காய்ச்சல் கண்டபோது, தண்ணீர்க் குழாய்க்காக நான் சண்டையிட்ட பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ஒரு குடம் நீரை எங்கள் வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமலே போனார்.

மூத்தவன் அவர்களே, நீங்கள் செய்த தவறு இதுதான்: முன்னறிவிப்பின்றிப் போனீர்கள். மத்தேயு 18-ஆம் அதிகாரம் ஒழுங்கான வழியைக் காட்டுகிறது. முதலில் இருவரும் தனித்துப் பேசவேண்டும். அவர் கேளாவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபைக்குச் சொல்லவேண்டும். வீட்டுப் பெண்களை நடுவில் நிறுத்தாதீர்கள். கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வசனம் அனுப்பாதீர்கள். வாங்குகிறவருக்கு அது தீர்ப்பைப் போல இருக்கும். பழைய கணக்கை ஒரே அமர்வில் முழுவதும் பேசித் தீர்க்கவும் முயலாதீர்கள். மூன்று ஆண்டுக் கசப்பு ஒரு குவளைத் தேநீரில் கரையாது. இருவரும் சேர்ந்து சிறு ஜெபமேனும் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

செம்பூர் ஆசிரியை:
பெரியவர் ஐயா மன்னிக்கவேண்டும். 18-ஆம் அதிகாரம் சகோதரனால் குற்றத்துக்கு உள்ளானவனுக்குச் சொல்லப்பட்டது. மூத்தவன் வாசிக்கக் கேட்ட வசனமோ, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" சொல்கிறது. குறை தம்பிக்கு, கடன் அண்ணனுக்கு. சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியவர் இவர் அல்லர்.

தோழி நம்பிக் கொடுத்த இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து மூழ்கவிட்டவள் நான். அவள் முன் நின்று அழுதேன். அவள் என்னை அணைத்துக் கண்ணீரைத் துடைத்தாள். என் கண்ணெதிரே அவளுடைய வெறுங்கழுத்து. இழந்தவள் அவள், ஆறுதல் பெற்றவள் நான். அந்தச் சங்கிலியை மீண்டும் செய்து கொடுக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகத்தான் இயேசுவிடம் சொன்னான். வருந்துவதாக மட்டும் சொல்லவில்லை. மூத்தவன் அவர்களே, அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது?

தாராவி மூத்தவன்:
வங்கியில் இருக்கிறது, சகோதரி. நான் கழித்துக்கொண்டது 1,40,000 ரூபாய். அன்று தேநீர் குடித்தபோது அதைப்பற்றி நான் வாய் திறக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. வருகிற புதன்கிழமைக்கு விடுப்புச் சொல்லியிருக்கிறேன். ஆராதனையோ திருவிருந்தோ இல்லாத நாள் என்பதால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். பணத்தை எடுத்துக்கொண்டு, பெரியவர் சொன்னபடி முன்னதாகவே அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். அவன் தோளில் தூங்கிய பிள்ளைக்கு இரண்டு வயதாகிறது. நான் பெரியப்பா என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது.