ஐயா காலத்து வால்வு ரேடியோ: இரைச்சல் வருகிறது, ஒரு வால்வு சிவக்கிறது. உதவி தேவை

கேள்வி (கானாடுகாத்தான்)

வணக்கம். எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த வால்வு ரேடியோ, இரண்டாங்கட்டு அறையில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. பங்காளிகள் கூடி வீட்டைத் திறந்தபோது என் கைக்கு வந்தது. தூசி தட்டி, எலி கடித்த ஒயரை மாற்றிவிட்டு கரண்ட் கொடுத்தேன். டயல் விளக்கு எரிகிறது, ஸ்டேஷன் பிடிபடுவதைக் காட்டும் பச்சைக் கண்ணும் மங்கலாகத் தெரிகிறது. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். அதற்குள் எங்கோ ஒரு குரல், தொண்டை கட்டியவர் பேசுவது மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஒரு வால்வின் உள்தகடு செக்கச்செவேலென்று சிவந்து, மெழுகு உருகும் வாசனை வந்தது. உடனே அணைத்துவிட்டேன்.

வால்வுகளில் இருப்பது: இ.சி.எச். 81, இ.பி.எஃப். 89, இ.பி.சி. 81, இ.எல். 84, இ.இசட். 80. சிவந்தது இ.எல். 84. ‘பழைய சாமான் கடையில் போட்டுவிடு’ என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது அண்ணே?

பதில் (தேவகோட்டை)

தம்பி, இனி கண்டன்சர் (மின்தேக்கி) மாற்றாமல் பிளக்கை நேரடியாகச் சொருகவே சொருகாதீர்கள். அணைத்தது நல்லது. தகடு சிவக்கவிட்டால் வால்வோடு போகாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். வால்வு தேடினால் கிடைக்கும், அதே டிரான்ஸ்ஃபார்மர் கிடைப்பது கஷ்டம்.

உங்கள் செட்டில் இரண்டு கோளாறு. ‘ம்ம்ம்’ இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்துபோன, கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர். தகடு சிவப்பதற்குக் காரணம், முந்தைய வால்விலிருந்து இ.எல். 84-க்கு ஒலியைக் கடத்தும் சின்ன மெழுகுக் காகிதக் கண்டன்சர். அது ஒலியை மட்டும் விட்டு டிசி-யைத் தடுக்க வேண்டும். காகிதத்தில் ஈரம் ஏறினால் டிசி கசிந்து, வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிடுக்குப் போகும், வால்வு அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும். குரல் கரகரப்பதும் அதனால்தான்.

உறுதி செய்ய வேண்டுமானால், 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு (பல்பைத் தாண்டித்தான் ரேடியோவுக்குக் கரண்ட் போகும்) வழியாக ஒரு நிமிடம் மட்டும் கரண்ட் கொடுங்கள். மீட்டரின் கறுப்பு முனை சேஸிஸில் (உள்ளிருக்கும் இரும்புச் சட்டம்), சிவப்பு முனை இ.எல். 84-இன் 2-ஆம் பின்னில், அதுதான் கிரிட். அங்கே பூஜ்யம் காட்ட வேண்டும். பாசிட்டிவாக சில வோல்ட் காட்டினால் கண்டன்சரின் ஒரு காலைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். வோல்ட் போய்விட்டால் குற்றவாளி கண்டன்சர். போகாவிட்டால் வால்வே கெட்டிருக்கிறது.

புதிதாகப் போடுவது 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர், பழையதில் எழுதிய அதே மதிப்பு. ஃபில்டருக்கு 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். சத்தம் சுத்தமாக வரட்டும் என்று 100, 220 என்று ஏற்றாதீர்கள். இ.இசட். 80-தான் ஏசி-யை டிசி-யாக்கும் ரெக்டிஃபையர், அதை ஒட்டிய முதல் கண்டன்சர் 50-ஐத் தாண்டினால் அது தாங்காது. பழைய ஃபில்டர் டப்பாவை ஒயரை மட்டும் கழற்றிவிட்டு இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், பார்வைக்கு செட் அப்படியே இருக்கும்.

அணைத்த பிறகும் உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் தங்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

பதில் (காரைக்குடி)

அண்ணன் சொன்னதோடு ஒன்று. இதைப் படிக்கும் மற்றவர்கள் செட்டில் யு.சி.எச். 81, யு.எல். 84 என்று ‘யு’ வரிசை வால்வு இருந்தால் அதில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, சேஸிஸிலேயே கரண்ட் இருக்கும். தெரியாமல் தொட்டால் உயிருக்கு ஆபத்து. இந்தத் தம்பியுடையது ‘இ’ வரிசை, அதனால் அந்தப் பயம் குறைவு.

பின்பக்கம் வோல்ட்டேஜ் கட்டை இருந்தால் 245-இல் வையுங்கள். டயல் கண்ணாடியின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, ஊர்ப்பெயர்கள் அப்படியே துணியோடு வந்துவிடும். கறுத்துப்போன பெட்டியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேலே ஒட்டியிருக்கும் மரத்தோல் காகிதம் போல மெல்லியது. எங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் பாருங்கள். ஓடாத செட் ஒன்று கிடைத்தால் குமிழ், வால்வு எல்லாம் அதிலிருந்தே எடுக்கலாம்.

கேட்டவர்

அண்ணே, 2-ஆம் பின்னில் 6 வோல்ட் இருந்தது! கண்டன்சரின் காலைக் கழற்றியதும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அதையும் ஃபில்டரையும் மாற்றினேன். இரைச்சல் அடங்கிவிட்டது, தகடு சிவக்கவில்லை. 320 மீட்டர் பக்கம் திருச்சி வானொலி கணீரென்று கேட்கிறது. ஆத்தா அடுப்படியை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். சிற்றலையில்தான் ஒன்றுமே வரவில்லை, குமிழைத் திருப்பினால் கரகர சத்தம் மட்டும். மேலே டப்பாக்களில் இருக்கும் திருகுகளைத் திருகிப் பார்க்கலாமா?

பதில் (தேவகோட்டை)

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்தத் திருகுகளை மட்டும் தொடாதீர்கள். அவை ஸ்டேஷன்களைப் பிரித்தெடுக்கும் ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) டிரான்ஸ்ஃபார்மர்களுடையவை, கலைத்துவிட்டால் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. திருச்சி தெளிவாக வருகிறதென்றால் அவை சரியாகவே இருக்கின்றன.

சிற்றலை வராததற்கு, அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்சின் வெள்ளிப் பற்கள் கறுத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாகத் தெளித்து, குமிழை இருபது முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள். அப்புறம் முற்றத்துக்குக் குறுக்கே நீளமாக ஒரு ஏரியல் ஒயர் கட்டுங்கள், கரண்ட் கம்பி பக்கம் போகாமல். மிச்சமிருக்கும் காகிதக் கண்டன்சர்களையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாருங்கள். மொத்தமாகப் பிரித்தால் தப்பு எங்கே வந்தது என்று தெரியாது. ராத்திரி கேட்கும்போது எல்இடி பல்பையும் போன் சார்ஜரையும் அணைத்துவிடுங்கள், பாதி இரைச்சல் அவற்றிலிருந்துதான் வருகிறது.