மூணாவது முக்குல நிக்கிற தண்ணி

குழு: நம்ம தெரு குடியிருப்போர்

[மாலை 6:12] கலைவாணி: (படம்)

[6:12] கலைவாணி: அரை மணி நேர மழைக்கே மூணாவது முக்கு குளமாயிடுச்சு. நாங்க முன்னாடி இருந்த ஊர்ல ரோடு போடும்போதே வடிகாலும் கட்டிடுவாங்க. இந்த ஊர்ல யாருக்குமே இதெல்லாம் தோணாதா?

[6:14] ராமசாமி: இது எங்க அப்பா காலத்துல போட்ட வடிகால். அப்ப ஒரு சொட்டு நின்னதில்ல. நேத்து குடிவந்துட்டு ஊரையே குறை சொல்லாதீங்க. பிடிக்கலன்னா பழைய ஊருக்கே போங்க.

[6:14] செல்வி: சரியாச் சொன்னீங்க ஐயா

[6:15] பழனி: ஆமா, ரொம்ப நாளா இதான் நடக்குது

[6:16] டேவிட்: தண்ணி நிக்குதுன்னு சொன்னா "கிளம்பு"ங்கிறதா பதில்? நாங்களும்தான் வரி கட்டுறோம்.

[6:17] இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[6:18] ஷாஹிதா (அட்மின்): ரெண்டு பக்கமும் நிறுத்துங்க. கொஞ்ச நேரத்துக்குக் குழுவைப் பூட்டி வைக்கிறேன். முருகன் அண்ணே, வடிகால் வேலை தெரிஞ்சவர் நீங்கதான். அந்தக் குழாய் போதுமா, போதாதா? அதுக்கு முதல்ல பதில் வரட்டும்.

[6:36] முருகன்: சொல்றேன்மா. கணக்காப் பார்ப்போம். 1 மி.மீ. மழைன்னா ஒரு சதுர மீட்டர் தரையில 1 லிட்டர் தண்ணி. நம்ம தெரு 6 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம், ஆக 600 சதுர மீட்டர். ரெண்டு பக்கமும் சேர்த்து 20 கட்டடம். ஒரு மொட்டை மாடி 100 சதுர மீட்டர்னு வெச்சா 2,000. மொத்தம் 2,600. அரை மணி நேரத்துல 25 மி.மீ. பெஞ்சா 65,000 லிட்டர், அதாவது வினாடிக்கு 36 லிட்டர் அந்த முக்குக்கு வரும்.

[6:38] முருகன்: கீழ கிடக்கிறது 12 இன்ச் ஹ்யூம் பைப், அதாவது கான்கிரீட் குழாய். 200 அடிக்கு 1 அடி வாட்டம் இருந்து, உள்ள சுத்தமா இருந்தா வினாடிக்கு 60 லிட்டருக்கு மேலயே இழுக்கும். ராமசாமி ஐயா சொல்றது அதனால சரி. அன்னிக்குப் போட்டவங்க அளவு தெரிஞ்சுதான் போட்டிருக்காங்க.

[6:39] ராமசாமி: அதைத்தான் நானும் சொன்னேன்.

[6:41] முருகன்: இருங்க ஐயா, முடிக்கல. அதே குழாய்ல பாதி உயரத்துக்கு வண்டல் உக்காந்துட்டா பாதித் தண்ணி போகும்னுதான் எல்லாரும் நினைப்போம். போகாது. போற இடம் பாதியாச்சு, அதோட தண்ணி உரசிப் போற பரப்பும் பாதிக்குப் பதிலா முக்கால் பங்குக்கு மேல இருக்கு. வேகம் விழுந்துடும். 68 இழுத்த குழாய் 25தான் இழுக்கும், மூணுல ஒரு பங்குக்குச் சித்த மேல. வர்றது 36. மிச்சம் 11 லிட்டர் ஒவ்வொரு வினாடியும் ரோட்டுலதான் நிக்கணும். அரை மணிக்கு அது கிட்டத்தட்ட 20,000 லிட்டர். கலைவாணி அம்மா படத்துல இருக்கிறது அந்தத் தண்ணிதான்.

[6:43] கலைவாணி: பாதி மண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க? யாராவது திறந்து பார்த்தாங்களா?

[6:46] முருகன்: இல்லமா, அது ஒரு உதாரணம். பார்க்காமச் சொல்லக்கூடாது, நீங்க கேட்டது நியாயம். திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மழை நின்ன பிறகு தண்ணி எப்படி வடியுதுங்கிறதுலயே நோய் தெரிஞ்சிடும். மழை விட்டு 20 நிமிஷத்துல மளமளன்னு வடிஞ்சா குழாய் நல்லாத்தான் இருக்கு, அன்னிக்கு மழைதான் அதிகம். மேல தண்ணி நிக்குது, கம்பி ஜாலிக்குக் கீழ சேம்பர், அதாவது தண்ணி இறங்குற தொட்டி, காலியா இருக்குன்னா ஜாலியில இலை, பிளாஸ்டிக் அடைச்சிருக்கு. அதைக் குச்சியால தள்ளினாலே போயிடும். ஜாலி திறந்திருந்தும் மேலயும் கீழயும் ஒரே மட்டமா நிக்குதுன்னா கீழ்ப்பக்கம் எங்கயோ அடைப்பு. எல்லாம் வடிஞ்சு 2, 3 செ.மீ. மட்டும் நாள் முழுக்கக் கிடந்தா அது வடிகால் குத்தமே இல்ல. ரோடு ஜாலியை விடப் பள்ளமாயிருக்கு.

[6:47] முருகன்: டார்ச் அடிச்சு மேல இருந்து பாருங்க, போதும். மூடியைத் தூக்காதீங்க. யாரும் உள்ள இறங்கவே கூடாது, மழைநீர் வடிகால்தானேன்னும் நினைக்காதீங்க. வண்டல் அழுகி விஷவாயு நிக்கும், ரெண்டு மூச்சுல ஆள் சாஞ்சுடுவாங்க. காப்பாத்தப் போறவரும் சேர்ந்து போவார். மின்கம்பத்தையும் தொடாதீங்க.

[6:49] டேவிட்: நூலகப் படிக்கட்டுல நின்னு பார்க்கலாமா? அங்கருந்து ஜாலி தெரியும்.

[6:49] முருகன்: தாராளமா தம்பி. தண்ணிக்குள்ள கால் வைக்காம ஒரு கம்பை விட்டு அளந்து சொல்லுங்க.

[6:50] செல்வி: ஒண்ணு சொல்லணும். போன மழைக்கு ராமசாமி ஐயாவே இதே குழுவுல "முக்குல தண்ணி நிக்குது, ஒருத்தனும் கவனிக்கல"ன்னு போட்டிருந்தார். நாங்க எல்லாரும் ஆமான்னோம். இன்னிக்கு அதையே இவங்க சொன்னதும் நானும் சேர்ந்து கோபப்பட்டேன். அது ஏன்னு எனக்கே புரியல.

[6:57] நிர்மலா டீச்சர்: செல்வி, இது உங்க குணக் கோளாறு இல்ல. மேத்யூ ஹார்ன்ஸின்னு ஆஸ்திரேலிய உளவியலாளர் 2002லயே இதைச் சோதிச்சு எழுதியிருக்கார். ஆஸ்திரேலியர்களைப் பத்தின அதே குறையை, அதே வார்த்தையில, ஒரு ஆஸ்திரேலியர் சொன்னதாச் சிலருக்கும் வெளிநாட்டுக்காரர் சொன்னதாச் சிலருக்கும் கொடுத்தாங்க. உள்ளூர்க்காரர் சொன்னப்போ பொறுத்துக்கிட்டாங்க, வெளியாள் சொன்னப்போ முகம் சுளிச்சாங்க. 2004ல செஞ்ச அடுத்த ஆய்வுல, வெளியாளுக்கு அந்த நாட்டுல நல்ல அனுபவம் இருக்குன்னு சொல்லியும் பெருசா மாறல. கேக்கிறவங்க மனசுல ஓடுறது "இவருக்கு விஷயம் தெரியுமா"ங்கிறது இல்ல. "நம்ம மேல அக்கறையில சொல்றாரா, மட்டம் தட்டச் சொல்றாரா"ங்கிறதுதான்.

[6:59] நிர்மலா டீச்சர்: கலைவாணிக்கு நேரடியா உதவுற விஷயம் ஒண்ணு இருக்கு. அவரோட குழு 2007ல புதுசா சேர்ந்தவங்களைப் பத்தியே ஆராய்ஞ்சாங்க. ஒரே குறையைப் பழைய ஆள் சொன்னதை விடப் புது ஆள் சொன்னா எதிர்ப்பு அதிகம். அந்த எதிர்ப்பு எப்பக் குறைஞ்சுதுன்னா, புது ஆள் தன் பழைய இடத்துல இருந்து விலகி நின்னு பேசினப்போ. உங்க செய்தியில தண்ணியைப் பத்தின வரி ஒண்ணுதான். மிச்சம் ரெண்டும் பழைய ஊரும் இந்த ஊர் ஜனங்களும். ஜனங்க அந்த ரெண்டுக்குத்தான் பதில் சொன்னாங்க.

[7:02] கலைவாணி: டீச்சர், புரியுது. ஆனா அனுசரிச்சுப் பேசுற வேலை முழுக்கப் புதுசா வந்தவங்க தலையில மட்டும் விழணுமா? வந்த நாள்ல இருந்து "அந்த பிளாக் ஆளுங்க குப்பையைப் பிரிக்க மாட்டாங்க, வண்டியைக் குறுக்க விடுவாங்க"ன்னு கேட்டுட்டுத்தான் இருக்கேன். எங்க பிளாக்ல 24 வீடு. யார் செஞ்சாலும் பேரு எல்லாருக்கும்.

[7:09] நிர்மலா டீச்சர்: விழக்கூடாது. நீங்க சொன்னதுக்கும் பழைய ஆய்வே இருக்கு. நோர்பர்ட் எலியாஸ், ஜான் ஸ்காட்சன்னு ரெண்டு பேர் இங்கிலாந்துல லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்துல ஒரு குடியிருப்பை ஆராய்ஞ்சு 1965ல வெளியிட்டாங்க. ஊர்ப் பேரை மறைச்சு வின்ஸ்டன் பார்வான்னு வெச்சாங்க. அங்க பழைய குடிகளுக்கும் புதுக் குடிகளுக்கும் வேலை, வர்க்கம், இனம், மொழி எதுலயும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. எத்தனை வருஷமா இருக்காங்கங்கிறது ஒண்ணுதான் வித்தியாசம். அப்படியும் புதுசா வந்தவங்க அழுக்கு, ஒழுங்கில்லாதவங்கன்னு பேர் வாங்கினாங்க. பழையவங்க தங்களை எடைபோட்டது தங்கள்ல ரொம்ப நல்லவங்களை வெச்சு. புதியவங்களை எடைபோட்டது அவங்கள்ல ரொம்ப மோசமான சிலரை வெச்சு. பழையவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியும், அதனால ஒரு பேச்சு ஒரே நாள்ல ஊர் முழுக்கப் போச்சு. புதியவங்களுக்குத் தங்களுக்குள்ளயே பழக்கமில்ல, மறுத்துப் பேச ஆள் சேரல.

[7:10] நிர்மலா டீச்சர்: இங்க 6:14க்கும் 6:15க்கும் நடந்ததை மேல போய்ப் பாருங்க. ஒரு நிமிஷத்துல ரெண்டு பேர் "ஆமா". ராமசாமி ஐயா சொன்ன கடுமையை விட அந்த ரெண்டு ஆமாதான் எனக்கு வருத்தம்.

[7:11] பழனி: டீச்சர், என்னைச் சேர்த்துத்தான் சொல்றீங்க. ஒத்துக்கிறேன்.

[7:13] ஷாஹிதா (அட்மின்): இனி இந்தக் குழுவுல புகார் போட்டா இடம், மழை தொடங்கின நேரம், நின்ன நேரம், ஆழம், அளவுகோல் தெரியிற படம் இருக்கட்டும். வேற ஊர் பேச்சு வேணாம். பதில் சொல்றவங்க அந்த இடத்தைப் பத்தித் தெரிஞ்ச ஒரு தகவலாவது சொல்லணும். "கிளம்புங்க"ன்னு யார் எழுதினாலும் நான் நீக்கிடுவேன், எவ்வளவு பெரியவங்களா இருந்தாலும். ஐயா, உங்களுக்கும்தான்.

[7:15] ராமசாமி: சரிம்மா. அந்த வார்த்தை அதிகம்தான். கலைவாணி, மனசுல வெச்சுக்காதம்மா.

[7:18] கலைவாணி: பரவால்ல ஐயா. நானும் "யாருக்குமே தோணாதா"ன்னு கேட்டிருக்கக் கூடாது. டேவிட் கூட நின்னு அளந்தேன், இப்பச் சரியாப் போடுறேன். மூணாவது முக்கு, நூலகச் சுவர் ஓரம். மழை 5:20ல இருந்து 5:50. ஆழம் 6:55க்கு 18 செ.மீ., 7:15க்கு 17. படிக்கட்டுல இருந்து ஸ்கேல் விட்டு எடுத்த படம் இது. (படம்)

[7:19] டேவிட்: ஜாலி மேல இருந்த இலையை நீளக் குச்சியால ஒதுக்கிட்டேன். ஒதுக்கின பிறகும் சுழியே விழல. டார்ச் அடிச்சா உள்ளயும் அதே மட்டத்துல தண்ணி.

[7:22] முருகன்: நல்லா அளந்திருக்கீங்க ரெண்டு பேரும். 20 நிமிஷத்துல 1 செ.மீ., உள்ளயும் வெளியயும் ஒரே மட்டம். கீழ்ப்பக்க அடைப்புதான். வரைபடத்துல நாலு சேம்பர் இருக்கு. அடைப்பு மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல இருக்கலாம். அந்தத் துண்டு மட்டும் 50 மீட்டருக்கு மேல நீளமா இருக்கேன்னு எனக்கு எப்பவுமே ஒரு உறுத்தல். மத்ததெல்லாம் 25, 30 மீட்டருக்கு ஒண்ணு.

[7:25] ராமசாமி: நாலு இல்ல முருகா, அஞ்சு. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல வேப்பமரத்துக்கு எதிர்ல ஒண்ணு இருந்துது. ரெண்டாந்தடவை தார் போட்டப்ப மூடியோட சேர்த்து மேல போட்டு மூடிட்டாங்க. பழைய ரோட்டைச் சுரண்டாமலே போட்டாங்க, அதான்.

[7:26] முருகன்: ஐயா! இதை யாருமே சொல்லலியே.

[7:26] ராமசாமி: யாரும் கேக்கலப்பா.

[7:31] முருகன்: இப்ப விளங்குது. தூர் வாரும்போது மூணாவதுல இருந்து கொஞ்ச தூரம், நாலாவதுல இருந்து கொஞ்ச தூரம் எடுத்துட்டுப் போயிருப்பாங்க. நடுச் சேம்பர்ல சேர்ற வண்டலை எடுக்க வழியே இல்ல. குழாயை விடச் சேம்பர் அடி ஆழமா இருக்கும், மண்ணு முதல்ல அங்கதான் உக்காரும். நிரம்பினதும் குழாய்க்குள்ள ஏறும். சுரண்டாமப் போட்டதால இன்னொரு கேடும் உண்டு. ஒரு தடவைக்கு 4, 5 செ.மீ. ரோடு ஏறும், ஜாலி அதே உயரத்துலயே கிடக்கும். சுத்தி மேடாகி, ஜாலி குழிக்குள்ள போய், குப்பையெல்லாம் அதுலயே விழும்.

[7:34] டேவிட்: அந்த இடத்தைச் சரியா எப்படிக் குறிக்கிறது? வேப்பமரத்துக்கு எதிர்லன்னு எழுதிக் கொடுத்தா ஆளுக்கு ஒரு இடம் சொல்லுவாங்க.

[7:39] முருகன்: மூணாவது மூடி நடுவுல இருந்து நாலாவது மூடி நடுவுக்கு நேராக் கயிறு பிடிங்க. குழாய் நேராத்தான் ஓடும், மூடி அந்தக் கயித்துக்குக் கீழதான். அதுலயே நடந்துட்டு கடப்பாரையோட மொட்டை முனையால தாரைத் தட்டிட்டே வாங்க. கெட்டியான இடம் மொத்துன்னு கேக்கும், சேம்பர் மேல வெத்துச் சத்தம் வரும். கிடைச்சதும் மாறாத ரெண்டு இடத்துல இருந்து டேப் பிடிச்சு தூரம் எழுதணும். நூலகச் சுவர் முனை ஒண்ணு, ஐயா வீட்டு கேட் தூண் ஒண்ணு. ரெண்டு தூரம் இருந்தா யார் வந்தாலும் அதே புள்ளிக்கு வந்துடலாம். நாமளே தாரை உடைக்கக் கூடாது. அளவு, படம், இன்னிக்குக் கணக்கு எல்லாம் சேர்த்து வார்டு ஆபீஸ்ல கொடுத்துப் புகார் எண் வாங்கணும். மனுவுல "தூர் வாரவும்"னு மட்டும் எழுதாதீங்க, மறுபடியும் ரெண்டு முனையைத்தான் வாருவாங்க. "புதைஞ்ச சேம்பரைத் திறந்து, மூடியை ரோடு மட்டத்துக்கு உயர்த்தி, கீழ்க்கோடியில இருந்து மேல் நோக்கித் தூர் வாரவும், எடுத்த வண்டலை அன்னிக்கே அப்புறப்படுத்தவும்"னு எழுதுங்க. ஓரத்துல குவிச்சுட்டுப் போனா அடுத்த மழைக்கு அதே மண்ணு அதே குழிக்குள்ள.

[7:41] கலைவாணி: மனுவை நான் எழுதுறேன். ரோடு எவ்வளவு ஏறியிருக்குன்னு அளவும் போட்டா நல்லாருக்குமா?

[7:45] முருகன்: ரொம்ப நல்லது. ட்யூப் மட்டம் போதும். 10 மீட்டர் தெளிவான ட்யூப்ல தண்ணி நிரப்பி, உள்ள ஒரு குமிழி கூட இல்லாம விரலால சுண்டி எடுத்துடுங்க. ஒரு முனையை நூலகச் சுவர்ல 1 மீட்டர் கோட்டுல பிடிச்சு, மறு முனையை ஜாலி பக்கம் கொண்டு போய், தண்ணி மட்டத்துல இருந்து தரைக்கு எவ்வளவுன்னு அளக்கணும். நடக்கும்போது ரெண்டு முனையையும் கட்டை விரலால அடைச்சுக்கலாம். படிக்கும்போது ரெண்டும் திறந்திருக்கணும். ஒரு விரல் அடைச்சிருந்தாலும் மட்டம் பொய் சொல்லும்.

[7:46] ஷாஹிதா (அட்மின்): ஞாயிறு காலை 6:30, நூலக வாசல். மழை இருந்தா மாத்திடுவோம். யார் யார் வர்றீங்க?

[7:46] பழனி: கடப்பாரை நான் கொண்டு வர்றேன்.

[7:47] டேவிட்: டேப், கயிறு எங்கிட்ட இருக்கு. ட்யூப்பும் வாங்கிடுறேன்.

[7:47] செல்வி: மழை அளக்க நேர்ச்சுவரா ஒரு டப்பா எங்க மாடியில வெச்சிடுறேன். திறந்த வெளி, சுவர் தூரமாத்தான் இருக்கு. தினம் காலை 8 மணிக்கு அளவு இங்க போடுவேன்.

[7:49] ராமசாமி: எதிர்ல இன்னொரு பழைய மூடியும் இருக்கு, அது குடிதண்ணி வால்வு. தட்டும்போது அதுவும் வெத்துச் சத்தம்தான் தரும். மாத்திக் குறிச்சிடாதீங்க, நான் நின்னு காட்டுறேன். கலைவாணி, சாக்பீஸ் வெள்ளை எடுத்துட்டு வாம்மா. ஈரத் தார்ல நிக்காது, முதல்ல துணியால துடைக்கணும்.

[7:50] கலைவாணி: துணியும் எடுத்துட்டு வர்றேன் ஐயா.